ஆபரேஷன் ஆகி 7 மாதம்: படி இறங்கும்போது முட்டி ஏன் மடங்குகிறது?

கேள்வி: மேடம், எனக்கு 27 வயது. தாராவி 90 அடி ரோடு பக்கம் வீடு. லெதர் பை தைக்கும் பட்டறையில் மிஷின் வேலை. கபடி ஆடும்போது வலது முட்டியில் ஏ.சி.எல். ஜவ்வு அறுந்து, 7 மாதத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்தார்கள். பின்தொடையிலிருந்து நரம்பு எடுத்து வைத்ததாகச் சொன்னார்கள். ஒன்றரை மாதம் பிசியோதெரபிக்குப் போனேன். அப்புறம் வேலை நெருக்கடியில் விட்டுவிட்டேன். இப்போது ஸ்டேஷன் பாலத்துப் படியில் இறங்கும்போது கால் சட்டென்று மடங்குகிறது. முட்டிக்கு முன்பக்கம் வலி. சாயங்காலமானால் லேசாக வீங்குகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் புது ஜவ்வு நன்றாக இருக்கிறது என்று வந்தது. ஒரு டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். இன்னொருவர், மறுபடி ஓட்டை போட்டு உள்ளே பார்த்துவிடலாம் என்கிறார். அம்மா எண்ணெய் போட்டு நீவச் சொல்கிறார். அடுத்த மாதம் எங்கள் மண்டல் (பேட்டைச் சங்கம்) கபடி டோர்னமென்ட். ஆபரேஷன் தோற்றுப்போய்விட்டதா? நான் ஆடலாமா?

பதில்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் ஆடாதீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆபரேஷன் தோற்றுவிட்டதா என்பதைக் கையால் தொட்டுப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், தோற்றிருக்க வாய்ப்புக் குறைவு என்றுதான் நினைக்கிறேன். ‘படியில் இறங்கும்போது மடங்குகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் பெரிய துப்பு.

ஏ.சி.எல். என்பது முட்டிக்குள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகக் கட்டியிருக்கும் ஜவ்வு. கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், தொடைக்குக் கீழே திருகிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது அதன் வேலை. அது போய்விட்டால் முட்டி தொல்லை கொடுப்பது பெரும்பாலும் திரும்பும்போதுதான். பாதம் தரையில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் சட்டென்று திரும்புகிறபோது, மேல் எலும்பும் கீழ் எலும்பும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது போலத் தோன்றும். ‘முட்டி கழன்று மாட்டின மாதிரி’ என்று சொல்வார்கள். அப்படி ஒருமுறை நடந்தால் அடுத்த சில மணி நேரத்தில் முட்டி நன்றாக வீங்கிவிடும்.

உங்களுக்கு நடப்பது வேறு மாதிரி. நேராக இறங்குகிறீர்கள், உடம்பின் எடை வலது காலில் இறங்குகிறது, கால் மடங்குகிறது. அந்த நேரத்தில் உங்களைத் தாங்க வேண்டியது முன்தொடைத் தசை. அது ஒரு நொடி கைவிட்டுவிடுகிறது. எலும்பு நழுவுவதற்கும் தசை கைவிடுவதற்கும் வெளியே தெரிவது ஒன்றுதான், ‘முட்டி நிற்க மாட்டேன் என்கிறது’. காரணம் வேறு, வைத்தியமும் வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் இன்னொரு ஆபரேஷனுக்குப் போகக் கூடாது. ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பவும் கூடாது.

தசை ஏன் கைவிடுகிறது? படுத்துக் கிடந்ததில் இளைத்துப்போனது ஒரு பங்குதான். முட்டிக்குள் நீர் கோத்தால் அங்கேயுள்ள உணர்வு நரம்புகள் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும், தண்டுவடம் முன்தொடைத் தசைக்குப் போகிற கட்டளையைக் குறைத்துவிடும். நாம் நினைத்தாலும் முழு பலத்தோடு இறுக்க முடியாது. எந்தக் கோளாறும் இல்லாத முட்டிக்குள் வெறும் உப்பு நீரை ஏற்றிப் பார்த்த பரிசோதனைகள் உண்டு. 20, 30 மில்லி போனதுமே, முட்டிச் சில்லுக்கு மேலே உள்பக்கம் இருக்கும் தசை மங்கத் தொடங்கிவிட்டது. அடிபடவில்லை, வலியும் பெரிதாக இல்லை, வெறும் நீருக்கே இந்த நிலை. அதனால்தான் ‘சாயங்காலம் லேசாக வீங்குகிறது’ என்று நீங்கள் எழுதியதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று ராத்திரி வீட்டில் இதைச் செய்து பாருங்கள். தரையில் காலை நீட்டி உட்காருங்கள். சின்னத் துண்டு ஒன்றைச் சுருட்டி இரண்டு குதிகாலுக்கும் கீழே வைத்து, இரண்டு முட்டியின் பின்பக்கமும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். வலது முட்டி இடதைவிட மேலே நின்றால் கால் முழுசாக நீளவில்லை என்று அர்த்தம். விரல் தடிமன் வித்தியாசம்கூடக் கணக்கில் வரும். அடுத்து, முட்டிச் சில்லுக்கு நாலு விரல்கடை மேலே, தொடையின் உள்பக்கத்தில் விரல்களை வைத்துக்கொண்டு, முட்டியைத் தரையை நோக்கி அழுத்துங்கள். இடது தொடையில் அந்த இடம் கல் போல எழும்பும். வலதில் தாமதமாக, தளர்வாக, சில சமயம் நடுங்கிக்கொண்டே எழும்பினால், தசைக்குக் கட்டளை முழுசாகப் போகவில்லை. கடைசியாக, உள்ளங்கையால் முட்டியின் உள்பக்கத்தைக் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று முறை வழித்துவிடுங்கள். பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை வழியுங்கள். உள்பக்கத்துக் குழியில் மெல்ல ஒரு மேடு எழும்பி வந்தால் உள்ளே நீர் இருக்கிறது. இதைக் காலையில் எழுந்ததும் ஒருமுறை, வேலை முடிந்து வந்து ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள்.

இதில் முதல் சோதனைதான் எனக்கு ரொம்ப முக்கியம். கால் முழுசாக நீளவில்லை, நீட்டப் போனால் முன்பக்கம் ஏதோ முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால், புது ஜவ்வுக்கு முன்னால் தழும்புச் சதை முண்டு போல வளர்ந்திருக்கலாம். இல்லையென்றால் மெனிஸ்கஸ் எனப்படும் பிறை வடிவக் குருத்தெலும்பு கிழிந்து நடுவில் சிக்கியிருக்கலாம். அப்படி இருந்தால் உங்கள் இரண்டாவது டாக்டர் சொல்வது சரி. ஓட்டை போட்டு அதை எடுத்தால்தான் கால் நீளும், எத்தனை பயிற்சி செய்தாலும் நீளாது. ஆனால் அவர் அதைத்தான் சந்தேகிக்கிறாரா என்று நீங்கள் கேட்க வேண்டும். ‘உள்ளே எதைத் தேடப் போகிறீர்கள் டாக்டர்? அது எம்.ஆர்.ஐ.யில் தெரிகிறதா? முட்டியை ஆட்டிப் பார்த்ததில் தளர்ச்சி இருந்ததா?’ இப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தெளிவான பதில் வந்தால் யோசிக்கலாம். ‘சும்மா பார்த்துவிடலாம்’ என்பது பதிலாக வந்தால், அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது.

எம்.ஆர்.ஐ. பற்றியும் ஒரு வார்த்தை. ஜவ்வு தொடர்ச்சியாக இருக்கிறதா, மெனிஸ்கஸ் எப்படி இருக்கிறது என்றெல்லாம் அது காட்டும். அது நீங்கள் அசையாமல் படுத்திருக்கும்போது எடுத்த படம். ஜவ்வு எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது, தசை எவ்வளவு தாங்குகிறது என்பதெல்லாம் அதில் வராது. படத்தில் முழுசாகத் தெரிகிற ஜவ்வு, திருகும்போது தளர்ந்து கொடுப்பதும் உண்டு. அதனால் எலும்பு டாக்டரோ பிசியோதெரபிஸ்ட்டோ கையால் சோதிக்க வேண்டும். முட்டியை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்க்கும் சோதனைக்கு லாக்மன் டெஸ்ட் என்று பெயர். திருகிப் பார்ப்பதற்கு பிவட் ஷிஃப்ட் என்று இன்னொன்று. இரண்டு காலிலும் செய்து ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் முடியும். இதுவரை யாரும் செய்யவில்லை என்றால், கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

உங்கள் காலில் வைத்தது நரம்பு இல்லை, பின்தொடைத் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண். நரம்பு போய்விட்டதோ என்று பயப்படாதீர்கள். முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் தோல் மரத்தது போல இருந்தால் அதற்கும் பயப்பட வேண்டாம். கீறும்போது தோலுக்குப் போகும் சின்ன நரம்புக் கிளை ஒன்று அறுபடுவதால் நிறைய பேருக்கு அப்படி ஆகும். அதற்கும் முட்டி மடங்குவதற்கும் சம்பந்தமில்லை.

அந்தத் தசைநாண் பிடுங்கி நட்ட நாற்று மாதிரி. வைத்த அன்று அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. முதலில் பழைய செல்கள் மடிந்து, ஜவ்வு பலவீனமாகி, பிறகு புது ரத்தக் குழாய்கள் உள்ளே வந்து, மெல்ல மெல்ல ஜவ்வாக மாறும். ரொம்பப் பலவீனமாக இருப்பது ஏறக்குறைய இரண்டாவது, மூன்றாவது மாதத்தில். விசித்திரம் என்னவென்றால் வலி குறைந்து, கட்டை விட்டுவிட்டு, ‘ஆறிப்போச்சு’ என்று நமக்குத் தோன்றுகிற சமயமும் அதுதான். முழுசாக முதிர ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். நீங்கள் இப்போது நடுவழியில் இருக்கிறீர்கள்.

முன்பக்க வலிக்கு வருகிறேன். படி இறங்கும்போது முட்டிச் சில்லு தொடை எலும்பின் மேல் உடல் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தத்தோடு உரசும். முன்தொடைத் தசை பலமாக இருந்தால் அந்தச் சுமையைப் பதமாக இறக்கிவிடும். இல்லையென்றால் தடாலென்று இறங்கும். அதோடு நீங்கள் நாள் முழுக்க முட்டியை மடக்கி மிஷினில் உட்காருகிறீர்கள். மடக்கியே வைத்திருந்தாலும் சில்லு வலிக்கும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து பத்துத் தடவை காலை முழுசாக நீட்டி இறுக்கிவிட்டு உட்காருங்கள், சேட்டிடம் சொல்லியே செய்யுங்கள். கால் மிதி மிஷின் என்றால் மிதிப்பதை இடது காலுக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். வலி வந்தால் வீக்கம், வீங்கினால் தசை மங்கும், மங்கினால் மறுபடி வலி. இந்தச் சுழலை எங்கேயாவது ஓர் இடத்தில் அறுக்க வேண்டும். எளிதாக அறுக்கக்கூடிய இடம் வீக்கம்.

அதனால் முதல் இரண்டு வாரம் வீக்கத்தையும் நீட்டலையும் மட்டும் கவனியுங்கள். வேலை முடிந்து வந்ததும் காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம். குதிகாலுக்குக் கீழே தலையணை வைத்து, முட்டிக்குக் கீழே ஒன்றும் வைக்காமல், 10 நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். முட்டி தன் எடையிலேயே இறங்கி நீளும். முட்டிக்குக் கீழே தலையணை வைத்துத் தூங்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் மடங்கியே நின்றுவிடும். முன்தொடையை இறுக்கி ஐந்து நொடி பிடித்து விடுவதை ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, தடவைக்கு 10, 15 முறை செய்யுங்கள். பிறகு காலை நேராகத் தூக்குவது. தூக்கும்போது முட்டி கொஞ்சம்கூட மடங்காமல் வந்தால்தான் அடுத்த படிக்குப் போகலாம்.

அடுத்தது பலம். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் நின்றுவிடுகிறார்கள். வீட்டில் காலைத் தூக்கித் தூக்கி இறக்குவதால் மட்டும் கபடிக்காரர் தொடை திரும்ப வராது. எடை வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், கடைசி இரண்டு முறை தூக்குவது கஷ்டமாக இருக்கும் அளவுக்கு எடை, 8 முதல் 12 முறை, மூன்று சுற்று. நாற்காலியிலிருந்து ஒரே காலில் எழுவது, சின்னப் பலகையிலிருந்து ஒரு காலால் மெதுவாக இறங்குவது, ஜிம்மில் லெக் பிரஸ், பின்தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் தனித்தனியாக. உங்களுக்குப் பின்தொடையிலிருந்து எடுத்திருப்பதால் அந்தத் தசையை மறக்கவே கூடாது. தொடங்கும்போது ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து எடையையும் அளவையும் வகுத்துக் கொடுக்க வேண்டும். மறுநாள் காலையில் முட்டி வீங்கியிருந்தால் எடை அதிகம் என்று அர்த்தம், ஒரு படி குறையுங்கள். தசை மட்டும் வலித்தால் தொடருங்கள், அது நல்ல வலி.

தசையால் இவ்வளவு ஆகுமா என்று தோன்றலாம். ஸ்வீடனில் ஏ.சி.எல். அறுந்த 121 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன், அதோடு பயிற்சி. மற்ற 59 பேருக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிற்பாடு ஆபரேஷன். இரண்டு வருடம் கழித்து வலியிலும் நடமாட்டத்திலும் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பயிற்சியில் தொடங்கிய 59 பேரில் 36 பேருக்கு அதற்குள் ஆபரேஷனே தேவைப்படவில்லை. உங்களுக்கு ஆபரேஷன் செய்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. கபடி போலத் திரும்பித் திரும்பி ஆடும் ஆட்டத்துக்குப் போகிறவருக்கு அது நியாயமான முடிவுதான். ஆனால் ஜவ்வே இல்லாத முட்டியைக்கூடப் பலருக்குப் பயிற்சி தாங்கிப் பிடித்திருக்கிறது. உங்களுக்கு ஜவ்வும் இருக்கிறது, பயிற்சிதான் பாதியில் நிற்கிறது.

செலவு பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் பட்டறை வேலையில் அது எவ்வளவு பெரிய தடை என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தில் இருக்கும் சயான் ஆஸ்பத்திரி, பரேல் கே.இ.எம். இரண்டும் மாநகராட்சி ஆஸ்பத்திரிகள், இரண்டிலும் பிசியோதெரபிப் பிரிவு உண்டு. காத்திருக்க வேண்டிவரும், அரை நாள் சம்பளம் போகும். தினமும் போக வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பயிற்சியை மாற்றிக்கொண்டு வந்து, மிச்சத்தைப் பேட்டையில் இருக்கும் சின்ன ஜிம்மில் செய்தாலும் வேலை நடக்கும்.

வீட்டில் மேல்மாடிக்கு இரும்பு ஏணி என்றால் கவனம் தேவை. ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில், முகம் ஏணியைப் பார்த்தபடி, கை பிடியை விடாமல். ஸ்டேஷன் பாலத்துப் படியிலும் எந்தக் கால் முதலில் என்பது இதேதான். கம்பி ஓரமாகப் போங்கள், பின்னால் வரும் கூட்டம் திட்டினால் திட்டட்டும். ஓடுகிற வண்டியில் ஏறுவதும், நிற்பதற்கு முன்னால் குதிப்பதும் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். குதித்து ஊன்றிய காலில் உடம்பு திரும்புவது ஜவ்வுக்குக் கபடியைவிட எந்த விதத்திலும் குறைந்த ஆபத்து இல்லை. மழை நாளில் வழவழவென்று இருக்கும் பிளாட்பாரமும் அப்படித்தான். குந்தி உட்காரும் கழிப்பறை பற்றிப் பலர் கேட்பார்கள். ஜவ்வு மட்டும் மாற்றியிருந்தால் 7 மாதத்தில் மெல்லப் பழகலாம். அதோடு மெனிஸ்கஸையும் தைத்திருந்தால் ஆபரேஷன் செய்த டாக்டரைக் கேட்காமல் முழுசாகக் குந்தாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள்.

அம்மா சொல்லும் எண்ணெய்க்கு நான் தடை சொல்லவில்லை. தொடையிலும் கெண்டைக்காலிலும் இதமாகத் தேய்த்தால் சுகமாக இருக்கும், அம்மாவுக்கும் நிம்மதி. முட்டியை வைத்து அழுத்தி நீவுவதும், மடக்கி முறிப்பதும் கூடாது. கடையில் விற்கும் முட்டி உறை (நீ கேப்) போட்டால் கொஞ்சம் தைரியம் வரும், கூட்டத்தில் போகும்போது போட்டுக்கொள்ளுங்கள். அது ஜவ்வு திருகுவதைத் தடுக்காது. அதைப் போட்டுக்கொண்டு ஆடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

முட்டி சூடாகிச் சிவந்து காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, முட்டி ஓர் இடத்தில் பூட்டிக்கொண்டு நீட்டவும் மடக்கவும் வராமல் போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு வாங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இனி டோர்னமென்ட். ரெய்டு போய்விட்டுத் திரும்பும்போது எதிராளி கணுக்காலைப் பிடிக்கிறார், பாதம் மாட்டிக்கொள்கிறது, உடம்பு நடுக்கோட்டை நோக்கித் திரும்புகிறது. ஏ.சி.எல்.லைச் சோதிக்க இதைவிடக் கடுமையான ஒரு வேலையை யாரும் கண்டுபிடிக்க முடியாது. 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி முட்டியில் அடிபடுவது 51 சதவீதம் குறைந்தது. ஒன்பது மாதம் என்பதும் குறைந்தபட்சக் கணக்குதான். காலண்டர் மட்டும் போதாது. ஜிம்மில் கால் நீட்டும் மிஷினில் இடது காலால் 30 கிலோவைப் பத்து முறை தூக்குகிறீர்கள், வலதால் 18 கிலோதான் வருகிறது என்றால், உங்கள் வலது தொடை 60 சதவீதத்தில் இருக்கிறது. 27 கிலோ, அதாவது 90 சதவீதம் வர வேண்டும். ஒற்றைக் காலில் தாண்டும் தூரமும் அதே அளவு வர வேண்டும். தாண்டி இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயக் கூடாது, மறுநாள் வீங்கக் கூடாது. அதற்குப் பிறகு முதலில் ஓட்டம், பிறகு திரும்புதல், பிறகு யாரும் பிடிக்காத பயிற்சி ஆட்டம், கடைசியில்தான் மேட்ச். இன்று தொடங்கினால் இதற்கெல்லாம் நாலைந்து மாதமாவது பிடிக்கும்.

காப்டனிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். மேட்ச் அன்று காலையில் போய் மறுத்தால் ஆள் குறைகிறது என்று கெஞ்சுவார்கள், உங்களால் மறுக்க முடியாது. மூன்று மாதம் கழித்து அந்த மிஷினில் இரண்டு காலாலும் எத்தனை கிலோ தூக்குகிறீர்கள், சாயங்கால வீக்கம் போய்விட்டதா என்று எழுதுங்கள். அப்போதும் கால் மடங்கினால், கையால் செய்த சோதனையின் முடிவையும் சேர்த்து அனுப்புங்கள், மறு ஆபரேஷன் பற்றி அப்போது பேசலாம்.